பகலில் அணைக்கச் சொன்னவர்களுக்கு

இலங்கையின் மின்சக்தி அமைச்சுக்கும், கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஆணைக்குழுவுக்கும், மின்சார சபையைப் பிரித்து உருவாக்கிய நிறுவனங்களுக்கும்,

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் பூட்டியிருக்கும் எல்லோரும் பகல் வேளையில் அதை அணைத்து வைக்கும்படி கேட்டீர்கள். தொழிற்சாலைகள் பூட்டு, அலுவலகங்கள் பூட்டு, வெயிலோ கொளுத்துகிறது, எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் மின்கட்டமைப்பு தாங்காது என்றீர்கள். அடுத்த சில மாதங்களில் புதிதாகப் பூட்டுபவர்களுக்குத் தரும் கட்டணத்தையும் குறைத்தீர்கள். ஐந்து கிலோவாட் வரையான கூரைக்கு யூனிட்டுக்கு 20.90 ரூபா, கூரை பெரிதாகப் பெரிதாக அதற்கும் கீழே. அதே வருடம் மாலை உச்ச நேரத்தை எண்ணெயும் எரித்துத்தான் சமாளித்தீர்கள். மத்தியானம் வேண்டாம் என்று தள்ளிய மின்சாரத்தை விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் வைத்திருக்க இந்த நாட்டில் ஏன் இன்னும் இடமில்லை? இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய மில் நடத்துகிறேன். மிளகாய், மல்லி, அரிசி மா, பருவத்தில் ஒடியல். 2022இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற அந்தக் காலத்தில், வறுத்த மிளகாயைச் சட்டியோடு கொண்டுவந்த சனம் மில் வாசலில் குந்தியிருந்தது. அதற்குப் பிறகுதான் வங்கியில் கடன் எடுத்து மில் கூரையில் பத்துக் கிலோவாட் பூட்டினேன். பூட்டச் சொன்னதும் அரசாங்கம்தான். 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்று கூரைச் சோலார் திட்டம் தொடங்கினீர்கள். 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்று இலக்கு வைத்தீர்கள். சனம் உங்களை நம்பியது. இன்று நாட்டின் கூரைகள் எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரமும் சேர்ந்தால் 900தான்.

பற்றரியும் வைக்க வேண்டாமா என்று பூட்ட வந்த பிள்ளைகளைக் கேட்டேன். “அது வீண் செலவு அக்கா, லைன்தான் உங்களுக்குப் பற்றரி. பகலில் லைனுக்குக் குடுங்கோ, இரவில் எடுங்கோ” என்றார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. சபை தந்த கணக்கு முறையும் அப்படித்தான் இருந்தது: அனுப்பியதில் எடுத்ததைக் கழித்து மிச்சத்துக்குக் காசு. தாளில் அது சரி. ஆனால் கம்பி எதையும் சேமித்து வைப்பதில்லை. நான் மத்தியானம் அனுப்புவதை யாரோ ஒருவர் அந்த நொடியே செலவழிக்க வேண்டும். இது உங்கள் எஞ்சினியர்மாருக்கு முதல் நாளே தெரியும். கூரைகள் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டும் வரை அதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் என் மனக்குறை.

இது எங்கள் ஒழுங்கையில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். மில்லின் பின்சுவரில், தகரக் கூரையின் சாய்ப்புக்குக் கீழே, சோலார் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் இன்வேட்டர் இருக்கிறது. வெயில் நன்றாக ஏறியதும், பதினொன்று பதினொன்றரை வாக்கில், அதன் திரையில் வோல்ட்ரேஜ் 240, 246, 251 என்று ஏறிக்கொண்டே போகும். 255ஐத் தொடும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். பச்சை லைட் சிவப்பாகும். லைனில் தாங்க முடியாத அழுத்தம் என்று கண்டு இன்வேட்டர் தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. சில நிமிடம் பொறுத்துத் திரும்பப் பிடிக்கும், திரும்ப ஏறும், திரும்ப டக். ஒழுங்கையில் இன்னும் நாலு கூரையில் சோலார் இருக்கிறது, எல்லாம் ஒரே ட்ரான்ஸ்போமரில். முறை வைத்தது போல ஒன்று விழ மற்றது எழும்பும். ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட இருக்கிற வீட்டுக்காரருக்குப் பிரச்சினை குறைவு. கடைசியில் இருக்கிற எனக்குத்தான் அடிக்கடி விழும். யாரும் அணைக்கச் சொல்லாத நாளிலும் என் கூரை மத்தியானம் வேலை செய்வது அரைகுறையாகத்தான்.

அதே மில்லில் மாலை ஏழு மணிக்கு மோட்டரைப் போட்டுப் பாருங்கள். வோல்ட்ரேஜ் 200க்குக் கீழே இறங்கும். ட்யூப் லைட் சிமிட்டும். மோட்டர் உறுமும், சுழலாது. ஒரே கம்பி, ஒரே ட்ரான்ஸ்போமர், ஏழெட்டு மணித்தியால இடைவெளி.

எங்கள் பகுதி மின் அலுவலகத்தில் முறையிட்டேன். வந்தவர்கள் மரியாதையான பிள்ளைகள். ட்ரான்ஸ்போமரில் வோல்ட்ரேஜை ஒரு படி இறக்கி வைத்தார்கள். பகல் கொஞ்சம் சரியானது, இரவு இன்னும் மோசமானது. பக்கத்து வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி நின்றது என்று சண்டைக்கு வந்தார்கள். திரும்ப வந்து பழையபடி ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது அந்த ஒரு திருகுதான். எங்கள் ஒழுங்கையில் புதிதாகச் சோலார் பூட்டக் கேட்டவருக்கு “இந்த ட்ரான்ஸ்போமரில் இடமில்லை” என்று பதில் வந்தது. எவ்வளவு இடம் இருந்தது, யார் யாருக்குக் கொடுத்தார்கள், எப்போது கூடும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

இந்த மூன்று தொல்லைக்கும் மருந்து ஒன்றேதான். ஒழுங்கை முகப்பில் அந்த ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் ஒரு பற்றரிப் பெட்டியை வைத்தால், மத்தியானம் ஏறுகிற அழுத்தத்தை அது உறிஞ்சும், மாலையில் மோட்டருக்குத் தேவையானதைத் திரும்பத் தரும், புதியவருக்கும் இடம் கிடைக்கும். இது நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

எஞ்சினியர்மார் சொல்வது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி தாண்டிய நேரம் நாடு முழுக்க இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டியது என்று அமைச்சர் சொல்ல, உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதை வைத்துச் சிரித்தன. குரங்கு தொடக்கம் மட்டும்தான் என்று பிறகு விளக்கம் வந்தது. ஞாயிறு மத்தியானம் தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்கள் குறைவு. கனமான இயந்திரம் சுழலும்போது அதன் வேகத்தில் ஒரு நிதானம் இருக்கிறது, ஒரு இடத்தில் அடிபட்டால் மற்ற இடம் சட்டென்று விழாமல் அது பிடித்துக்கொள்ளும். அன்று அந்தப் பிடிமானம் போதவில்லை. நுரைச்சோலையும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வேறு.

அன்று எங்கள் பக்கம் நல்ல வெயில். தலைக்கு மேல் பத்துக் கிலோவாட், மில்லில் ஒரு பல்ப் எரியவில்லை. லைனில் கரண்ட் இல்லையென்றால் சாதாரண இன்வேட்டரும் நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது, சரி. பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால் லைனிலிருந்து விலகி நின்று வீட்டை மட்டும் நடத்தும். நாடே இருண்ட வேளையில் சோலார் வைத்திருக்கிற இத்தனை கூரையும் சேர்ந்து இருண்டதற்குக் காரணம், பற்றரிக்கு நீங்கள் ஒரு சதம்கூட மதிப்பு வைக்காமல் இத்தனை வருடம் சோலாரை வளர்த்ததுதான்.

இதே நிலைமை வேறு இடத்துக்கும் வந்தது. 2016 செப்டம்பரில் தென் அவுஸ்திரேலியா மாநிலம் முழுவதும் புயலில் இருண்டது. அங்கேயும் காற்றாலையைத் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் 2017 டிசம்பரில் ஹோர்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பற்றரி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. 2020இல் அதை 150 மெகாவாட் ஆக்கினார்கள். சுழலும் இயந்திரம் தருகிற அந்தப் பிடிமானத்தையும் இன்று அதே பற்றரி தருகிறது. 2025 ஜூலை முதலாம் திகதியிலிருந்து வீட்டில் பற்றரி வைப்பவருக்கு விலையில் ஏறத்தாழ 30 வீதத்தை அவுஸ்திரேலிய மத்திய அரசு குறைத்துத் தருகிறது. யாழ்ப்பாணத்தில் அரைவாசி அங்கேதான் இருக்கிறது, அதனால் இந்தச் செய்தியெல்லாம் எங்களுக்கு வட்ஸ்அப்பில் சுடச்சுட வந்துவிடும். மெல்பேர்னில் இருக்கிற என் மச்சாள் தன் வீட்டுப் பற்றரியின் படத்தை அனுப்பி, “உங்கட வெயிலுக்கு இது எவ்வளவு நல்லா இருக்கும்” என்று எழுதுகிறாள். நான் என்ன பதில் எழுதுவது?

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். பத்து மெகாவாட் வீதம் 16 உப மின்நிலையங்களில் மொத்தம் 160 மெகாவாட், 640 மெகாவாட் மணி பற்றரிக்கு 2025இல் கேள்விப்பத்திரம் கோரினீர்கள். நாலு மணித்தியாலம் தாங்கும். மாலை 6.30இலிருந்து 10.30 வரையான உச்ச நேரத்தின் அளவும் அதுதான், ஆகவே கணக்குப் போட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள். மகா ஓயாவில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து இறக்கும் 600 மெகாவாட் திட்டமும் உங்கள் தாளில் இருக்கிறது, அது வர இன்னும் வருடங்கள் பிடிக்கும். அப்புறம், கூரைச் சோலாரோடு பற்றரி வைத்து உச்ச நேரத்தில் அனுப்பினால் யூனிட்டுக்கு 45.80 ரூபா தருவோம் என்றும் அறிவித்தீர்கள்.

கேட்டவுடன் நல்ல விலை போலத்தான் இருந்தது. பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். புதிதாக ஐந்து கிலோவாட் பூட்டுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பகலில் பத்து யூனிட்டை அப்படியே அனுப்பினால் 209 ரூபா. அதையே பற்றரியில் வைத்து இரவில் அனுப்பினால், போவதிலும் வருவதிலும் ஒரு யூனிட் சேதாரம் என்று வைத்து, ஒன்பது யூனிட்டுக்கு 412 ரூபா. வித்தியாசம் நாளுக்கு 203. மழையே பெய்யாமல் வருடம் முழுக்க வெயில் எறித்தாலும் 74 ஆயிரம் ரூபா. பத்து யூனிட் பற்றரிக்கும் அதற்கேற்ற இன்வேட்டருக்கும் கடைக்காரர் எனக்குச் சொன்ன விலை பத்து இலட்சத்துக்கு மேல். போட்ட காசு வட்டியில்லாமல் திரும்பி வரவே பதின்மூன்று வருடம் தாண்டும். பற்றரிக்கு அவர் தரும் உத்தரவாதம் பத்து வருடம். மார்கழி மழையையும் வங்கி வட்டியையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

2024இல் லித்தியம் பற்றரித் தொகுதியின் உலகச் சராசரி விலை கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, 115 டொலருக்கு இறங்கியது என்று புளூம்பேர்க் நிறுவனத்தின் கணக்குச் சொல்கிறது. பத்து யூனிட்டுக்கு 1,150 டொலர், எங்கள் காசில் மூன்றரை இலட்சம் வரும். வீட்டில் பூட்டுகிற பெட்டிக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், இன்வேட்டருக்கும் தனிக்காசு, கப்பல் கூலி, வியாபாரியின் இலாபம், எல்லாம் விளங்குகிறது. ஆனால் மூன்றரை எப்படிப் பத்துக்கு மேல் போகிறது, அதில் வரியாக உங்களிடம் வருவது எவ்வளவு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொழும்பில் பெரிய கூரை வைத்திருக்கும் கம்பனிக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். மொத்தமாக வாங்குவார்கள், வங்கியும் அவர்களுக்கு வட்டியைக் குறைக்கும். இப்படியே விட்டால் இந்த நாட்டில் பற்றரிச் சந்தை வளரத்தான் செய்யும், எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் வராது.

பற்றரியின் அருமையை வடக்குக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் டோர்ச் பற்றரிகூட இங்கே கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்ட சனம் நாங்கள். எண்ணெய் மின்நிலையத்தின் அருமையும் தெரியும். சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் இரண்டு கோடி ரூபா நட்டஈட்டில் வந்து நின்றது. மாலை மின்சாரத்துக்குப் பற்றரி இல்லை என்றால் எண்ணெய்தான் என்று நீங்கள் சொல்லும்போது எங்கள் பக்கத்துக்கு நினைவு வருவது அந்தக் கிணறுகள்.

தீவகத்தையும் சொல்ல வேண்டும். எழுவைதீவில் சோலார், சின்னக் காற்றாடிகள், பற்றரி, ஒரு டீசல் ஜெனரேற்றர் நான்கையும் சேர்த்து ஓட்டும் மாதிரித் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் அதே வகைத் திட்டத்தை 2021 ஜனவரியில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தீர்கள். இந்தியா எதிர்த்தது, வேலை நின்றது. பிறகு இந்தியாவே 1 கோடி 10 இலட்சம் டொலர் நன்கொடை தந்து, 2024 மார்ச்சில் இன்னொரு கம்பனியோடு ஒப்பந்தம் எழுதினீர்கள். யார் காசில் யார் பூட்டுகிறார்கள் என்பது உங்கள் பாடு. அந்தத் தீவுகளில் ஐஸ் இல்லாமல் மீனைக் கரைக்குக் கொண்டு வருகிறவனுக்கு இந்த மூன்று வருடம் அரசியல் அல்ல, நட்டம்.

ஐஸைப் பற்றிச் சொன்னதால் ஒரு விடயம். பற்றரி வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் ஐஸ் கட்டினால் அதுவும் சேமிப்புத்தான். தோட்டக் கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினால் அதுவும் சேமிப்பு. ஆனால் காலை 5.30இலிருந்து மாலை 6.30 வரை முழுவதையும் நீங்கள் ஒரே பகல் கட்டணமாக வைத்திருக்கிறீர்கள். மலிவு நேரம் இரவு 10.30க்குப் பிறகுதான். வெயில் மின்சாரம் மிதமிஞ்சிப் போய் அணைக்கச் சொல்கிற பதினொரு மணிக்கும், மில்லுக்கும் ஐஸ் தொழிற்சாலைக்கும் முழு விலை. இது எந்தக் காலத்துக் கணக்கு?

ஆகவே என் கோரிக்கைகளை எழுதுகிறேன். முதலாவது, அணைக்கச் சொல்வது பற்றி. இனிமேல் அணைக்கச் சொன்னால் அணைத்த நேரத்துக்கு ஒரு தொகை தாருங்கள். என் கடன் தவணைக்கு வங்கி விடுமுறை தருவதில்லை. அதைவிட நல்லது, விடுமுறை நாட்களிலும் ஞாயிறுகளிலும் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை மில், ஐஸ் தொழிற்சாலை, இறைப்பு மோட்டர் ஆகியவற்றுக்குக் குறைந்த கட்டணம் அறிவியுங்கள். புத்தாண்டுக்கு முதல் வாரம் நான் மில்லை இரவிலா ஓட்டுவேன்?

இரண்டாவது, அந்த 45.80. அது எத்தனை வருடத்துக்கு மாறாது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தாருங்கள். பழைய கட்டணத்தில் இருப்பவர் பற்றரி சேர்த்தால் பகலில் அனுப்பும் மிச்ச யூனிட்டுக்கு உள்ள பழைய விலையை இழப்பாரா, மாட்டாரா என்பதையும் எழுத்தில் வேண்டும். எங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்டபோது, தங்களுக்குச் சுற்றறிக்கை வரவில்லை என்றார்கள். பத்துக் கிலோவாட்டுக்குக் குறைந்த கூரைகளுக்குப் பற்றரி மீதான வரியை நீக்கி, அரச வங்கிகள் மூலம் குறைந்த வட்டியில் பத்து வருடக் கடன் தாருங்கள். கட்டணத்தை மட்டும் உயர்த்தி வைத்துவிட்டு விலையைக் கவனிக்காமல் விட்டால் அந்த அறிவிப்பு எங்களுக்குச் செய்தி மட்டும்தான்.

மூன்றாவது, பெரிய பற்றரிகள். 16 இடங்களின் பெயர்களையும் ஒவ்வொன்றும் வேலை செய்யத் தொடங்கும் திகதியையும் வெளியிடுங்கள். அதில் வட மாகாணத்துக்கு எத்தனை? மன்னாரில் தம்பபவனியின் 103.5 மெகாவாட் காற்றாலை நிற்கிறது, இன்னும் வேண்டும் என்றீர்கள், 2025இல் அங்கத்தைய சனம் வீதியில் இறங்கி நின்றது. காற்றும் வெயிலும் எங்கள் பக்கத்தில் எடுப்பது, சேமிப்பது மட்டும் மேற்கில் என்றால் அதற்கான காரணத்தைச் சொல்லுங்கள்.

நான்காவது, ஒழுங்கைகள். சோலார் நிறைந்து இன்வேட்டர் விழுகிற ட்ரான்ஸ்போமர்கள் எவை என்று உங்கள் பதிவேட்டில் இருக்கும். ஒவ்வொரு ட்ரான்ஸ்போமரிலும் எவ்வளவு இடம் உண்டு, எவ்வளவு போய்விட்டது என்பதை யாரும் பார்க்கும்படி போடுங்கள். அவற்றில் மிக மோசமானவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் சிலவற்றிலாவது சிறிய பற்றரியை நீங்களே வைத்துப் பாருங்கள். இடம் இல்லை என்றால் என் மில்லின் பின்பக்கம் நிழலோடு இடம் இருக்கிறது, வாடகை கேட்கமாட்டேன்.

தீவுகளுக்கு ஒரு திகதி சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுதிய திகதி எங்களுக்குத் தெரியும், கரண்ட் வரும் திகதியைத்தான் கேட்கிறேன்.

இவற்றுக்கான பதிலை அடுத்த கட்டணத் திருத்தம் பற்றிய பொதுமக்கள் விசாரணைக்கு முன்னர் தமிழிலும் வெளியிட வேண்டும் என்று கேட்கிறேன். அந்த விசாரணைக்கு நான் வருவேன், இன்வேட்டரின் பதிவையும் கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
வலிகாமத்து மில் உரிமையாளர் ஒருவர்